ஒதுங்கும் கை

குரு என்றால் தாடி இருக்கும், காவி இருக்கும், மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு யாராவது எங்கள் ஓடுதளத்துக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ரெஹானா; எங்களுக்கு மேடம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காலில் பூட்ஸ். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தை ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. சீடருக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் செங்கோடன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்.

நான் இரண்டு பக்கமும் இல்லை. பெயர் தேவசகாயம், பறவை விரட்டுகிறவன். விமானம் கிளம்பும் முன்னாலும் இறங்கும் முன்னாலும் ஜீப்பில் போய் வெடி போட்டு, ஓடுதளத்தில் இருக்கும் கொக்கு, பருந்து, ஆள்காட்டி எல்லாவற்றையும் கிளப்பிவிடவேண்டும். பதினாறு வருஷமாக இதைச் செய்கிறேன். பறவைகளுக்கு என்மேல் துளியும் மரியாதை கிடையாது. வெடிச்சத்தம் கேட்டால் எழும்பும், ஒரு சுற்று சுற்றும், திரும்ப அதே இடத்தில் வந்து உட்காரும்.

எங்கள் பக்கம் கோழிப் பண்ணைகள் அதிகம். செத்த கோழிகளை மூட்டையாகக் கட்டி வேலிக்கு வெளியே வீசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பருந்துகள் வருவது அதற்காக. சொல்லிப் பார்த்தோம், சண்டை போட்டுப் பார்த்தோம். மூட்டை நிற்கவில்லை, பருந்தும் நிற்கவில்லை.

செங்கோடன் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்கள் பள்ளியில் ஒரு பையன் செத்துப்போனான். கிரிதரன். இருபது வயது. நல்ல கை என்று மேடமே சொன்ன பையன். தனியாக ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது நாள், இறங்க வரும்போது, வேலியோரத்திலிருந்து ஒரு பருந்து குறுக்கே வந்தது. அவன் விமானத்தைச் சட்டென்று ஒடித்தான். ஒடிப்பது என்றால் டிரைவர்கள் பாஷையில் திடீரென்று திருப்புவது. இறங்க வரும் விமானத்துக்கு வேகம் குறைவு, கீழே தரையும் பக்கம். அந்த நேரத்தில் ஒடித்தால் இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும். விட்டுப்போனது. பருந்து பறந்து போய்விட்டது.

அன்றைக்கு நான் இரண்டு வெடி போட்டிருந்தேன். மூன்றாவதும் போட்டிருந்தால் என்ன என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும்.

விசாரணை முடிந்து காகிதம் வந்தபிறகு ஒருநாள் காலை செங்கோடன் வந்தார். சலவைச் சட்டை. பையில் மடித்து வைத்த காகிதம். அறையில் மேடமும் நானும் இருந்தோம்.

“கிரிதரனோட அப்பாங்க.”

மேடம் எழுந்து நின்றார். “தெரியும் அய்யா. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க.”

“கேளுங்க.”

“பருந்து குறுக்க வந்துச்சு, பையன் ஒடிச்சுட்டான்னு இதுல போட்டிருக்குதுங்க. ஒடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்திருந்தீங்கன்னும் போட்டிருக்குது. தெரிஞ்சிருந்தும் அவன் ஏனுங்க ஒடிச்சான்?”

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே விமானம் ஒன்றுக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“ஓட்டக் கத்துக்கங்க அய்யா. அப்புறம் இதே கேள்விய கேளுங்க. அப்ப சொல்றேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“எனக்கு வயசு அம்பத்தாறுங்க,” என்றார் செங்கோடன்.

“கண்ணு நல்லாத் தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“பத்தாவது பாஸா?”

“ஆமாங்க. ரெண்டாவது தடவ.”

“போதும்.”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு மாசம் கழித்து டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டோடு வந்து நின்றார். ஊரில் பயிர் வைத்திருந்த காட்டை விற்றுவிட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பஸ் டிரைவருக்கு விமானம் சொல்லிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க நாங்கள் எல்லோரும் ஷெட் வாசலில் நின்றோம். அவர் முதலில் விமானத்தைச் சுற்றி வந்து மூன்று டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்ததும் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவரைக்கும் சரி. தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது காலால். அவர் கையால் திருப்பினார். விமானம் தன் போக்கில் புல்லுக்குள் இறங்கியது. ஆடு ஒன்று எதிரே நின்றது. அவர் உள்ளங்கையால் கைப்பிடியின் நடுவில் ஓங்கித் தட்டினார்.

“என்ன தேடுறீங்க?” என்று மேடம் கேட்டாராம்.

“ஹாரனுங்க.”

மேடம் சிரித்ததை அந்த வருஷம் அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன்.

முதல்முறை மேலே போய்விட்டு வந்தவர் கான்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“கைய எடுங்கன்னாங்க தேவசகாயம்.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தா என்னாகும்னு கேட்டேன். எடுங்கன்னு மட்டும் சொன்னாங்க. எடுத்தேன். அதும்பாட்டுக்குப் போகுதுங்க. ஆடல, அசையல. முப்பத்தொரு வருசத்துல ஸ்டீயரிங்க விட்டுட்டு நான் உக்காந்ததே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“பயமா?”

“பயமில்லீங்க. அது எப்படிச் சொல்றது.” டம்ளரைக் கையில் உருட்டினார். “கீழ பாத்தா நான் ஓட்டுன ரோடு. அரைஞாண் கயிறாட்டக் கெடக்குது. அதுல ஒரு பஸ்ஸு. எங்க கம்பெனி பஸ்ஸு, கலர் தெரியுது. எந்த எடத்துல ஏத்தம், எந்த எடத்துல பள்ளம்னு கண்ண மூடிட்டே சொல்லுவேன் அந்த ரோட்ட. மேல இருந்து ஒண்ணுமே தெரியல. எல்லாம் சமமாக் கெடக்குது.”

டீயைக் கீழே வைத்தார்.

“கிரி போன்ல சொல்லுவான். அப்பா, மேல இருந்து பாத்தா மேடு பள்ளமே கெடையாதுப்பா, நீ ஒருக்காப் பாக்கணும்பான். போடா பொய்யின்னு சொல்லுவேன்.”

அதற்கப்புறம் அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். கிளம்புவது வந்தது. வளைவது வந்தது. வயர்லெஸ்ஸில் பேசவேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தார். நாலாவது மாசத்தில் அவர் இறக்கிய விதத்தைப் பார்த்து எங்கள் மெக்கானிக்கே எழுந்து நின்றுவிட்டார். டயர் தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆனால் பறவை வந்தால் மட்டும் கை கேட்காது.

மேடம் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். இறங்கும்போது பறவை வந்தால் திருப்பாதே. இறக்கையை நேராக வைத்துக்கொள். பறவை பெரும்பாலும் சிறகை மடக்கிக் கீழே விழுந்து தப்பித்துக்கொள்ளும். தப்பிக்காவிட்டால் இடிக்கட்டும். நீ விமானத்தை ஓட்டு. செங்கோடன் இதை ஒப்பிப்பார். பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கிவிட்டார். மேலே போய்ப் பருந்தைக் கண்டதும் அவர் கை ஒடித்துவிடும்.

அந்த வருஷம் மேடம் புதிதாக ஒரு பாடம் வைத்தார். வெயில் ஏறிய பிறகு பருந்துகள் ரொம்ப உயரத்தில் வட்டமிடும். ஒடித்தாலும் சமாளிக்க இடமிருக்கும் உயரம். அங்கே செங்கோடனைக் கூட்டிப்போய், வேகத்தைக் குறைக்கச் சொல்லி, இறங்குவதுபோலவே ஓட்டச் சொல்வார். எங்கேயாவது ஒரு பருந்து எதிரே வரும். இவர் ஒடிப்பார். மேடம் விமானத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். திட்டுவதில்லை, விளக்குவதில்லை. நேராகக் கீழே கொண்டுவந்து இறக்கிவிடுவார். செங்கோடனுக்கு முன்னால் எந்த மாணவருக்கும் மேடம் இந்தப் பாடத்தை வைத்து நான் பார்த்ததில்லை.

ஷெட்டில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தனியாகப் பறக்கலாம் என்று மேடம் முடிவு செய்தவரின் பெயரை அதில் எழுதுவார். மறுநாள் அவர் போகலாம். செங்கோடன் பெயரை ஐந்தாம் மாசம் எழுதினார். மறுநாள் கடைசியாக ஒருமுறை அவரோடு ஏறிப் பார்த்தார்; கை மறுபடி ஒடித்ததும் இறங்கி வந்து அழித்துவிட்டார். ஏழாம் மாசம் எழுதி அழித்தார். அப்புறம் எட்டாம் மாசம். அப்புறம் பத்தாம் மாசம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் தனியாகப் பறந்து, தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல்முறை தனியாகப் போய்விட்டு வருகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். இவர் சட்டை மட்டும் நனையவேயில்லை.

நாலாவது முறை அழித்த அன்றைக்கு அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்.

“நான் டீச்சரக் கேட்டேனே, அவன் ஏன் ஒடிச்சான்னு. அதுக்குப் பதில் எனக்கே தெரியுமுங்க.”

அவரே தொடர்ந்தார்.

“பதினாலு வயசுல அவனுக்கு நாந்தான் வண்டி கத்துக் குடுத்தேன். எங்க காட்டுல வச்சு, ஒரு பழைய மொபெட்டு. மொத நாளே சொன்னேன். குறுக்க ஒரு உசுரு வந்தா நாமதான் ஒதுங்கோணும் சாமி. அதுக்கு ஒதுங்கத் தெரியாது, நமக்குத் தெரியும். என் பஸ்ல ஒரு கோழிக்குஞ்சு மாட்டுனதில்லீங்க தேவசகாயம், முப்பத்தொரு வருசத்துல. பெருமையா நெனச்சிருந்தேன். ஒருநாள் அவன் நாய்க்கு ஒடிச்சு, முள்ளுவேலியில விழுந்து, கையெல்லாம் ரத்தத்தோட வந்து நின்னான். நாய் என்னாச்சுன்னு கேட்டேன். ஓடிப்போச்சுன்னான். நான் அவனத் தோள்ல தட்டி, கடைக்குக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தேன்.”

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“டீச்சர் அதத் தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க. அவங்க வாயால வரட்டும். நீதான்டா காரணம்னு சொன்னாச் சொல்லட்டும், இல்லீன்னா இல்லீன்னு சொல்லட்டும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

அன்றைக்குச் சாயங்காலம் மேடத்திடம் போனேன். எனக்கென்ன, வேலையே போனாலும் போகட்டும் என்றுதான் போனேன்.

“மேடம், அந்த மனுசன் தவிக்கிறாரு. ஒரு பதிலச் சொல்லி ஊருக்கு அனுப்பிருங்க. பாவம்.”

மேடம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சொன்னா அது அவர் காதுக்குத்தான் போகும் அண்ணே.”

“காதுக்குப் போனா போதாதா?”

“கிரிக்குக் காதுக்குப் போச்சே,” என்றார்.

நான் ஜீப்பை எடுக்கப் போய்விட்டேன்.

பதினோராம் மாசம், சித்திரை பிறந்து கொஞ்சநாள் ஆகியிருந்தது. மேடம் ஐந்தாவது முறையாக அவர் பெயரை எழுதினார். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தார்கள். கொக்குக் கூட்டம் ஒன்று குறுக்கே போனதைக் கீழேயிருந்து நானே பார்த்தேன். விமானம் நேராக வந்தது. இறங்கி நின்றதும் மேடம் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

தனியாக அனுப்பும்போது இறங்குகிறவர் ஒரு காரியம் செய்யவேண்டும். தான் உட்கார்ந்திருந்த சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு வரவேண்டும். ஆள் இல்லாத சீட்டில் பெல்ட் தொங்கினால், கைப்பிடியில் சிக்கிக்கொள்ளும். மேடம் ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட் மாட்டினார். இறுக்கினார். திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்த்தார். செங்கோடன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளையும் இதைத்தான் கடைசியாகப் பக்கத்தில் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

செங்கோடன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பஸ் எடுக்கும்போது டயருக்கு அடியில் வைப்பார்களே, அதற்கு.

“ஓடுதளத்துல எதையும் போடக் கூடாது அய்யா. பாக்கெட்லயே இருக்கட்டும்.”

“சரிங்க டீச்சர்.”

“ஒரே ஒரு சுத்து. போயிட்டு வாங்க.”

நான் மூன்று வெடி போட்டேன். நாலாவதும் போட்டேன். வேலியோரம் இருந்த பருந்துகள் எழும்பி வடக்கே போயின. விமானம் ஓடி, நாங்கள் நினைத்ததற்கு முன்னாலேயே தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு ஆள் பாரம் குறைந்துவிட்டதல்லவா, அப்படித்தான் எழும்பும். முதல்முறை தனியாகப் போகிறவர்கள் அந்த இடத்தில்தான் திடுக்கிடுவார்கள். மேடம் புல்லில் நின்றுகொண்டிருந்தார். கையில் வயர்லெஸ் இருந்தது.

விமானம் இடதுபக்கம் வளைந்து, நெடுஞ்சாலைக்கு மேலே போய், மறுபடி வளைந்து, இறங்குவதற்காக எங்களைப் பார்த்துத் திரும்பியது. சின்னப் புள்ளி, பிறகு கொஞ்சம் பெரிய புள்ளி. வேலிக்குப் பக்கத்தில் வந்தபோது அது நடந்தது. போன பருந்துகளில் ஒன்று திரும்பி வந்தது. வேலிக்கு வெளியே யாரோ மூட்டை போட்டிருக்கவேண்டும். தாழ்வாக, இறக்கையை அடிக்காமல், விமானத்துக்குக் குறுக்கே மிதந்து வந்தது.

நான் வெடியை எடுத்தேன். தீக்குச்சி பற்றவில்லை.

மேடம் வயர்லெஸ்ஸை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். பொத்தானை அழுத்தவில்லை.

விமானம் நேராக வந்தது. பருந்து கடைசி நொடியில் சிறகை மடக்கியது, ஆனால் தாமதம். தலையணையைத் தட்டினாற்போல ஒரு சத்தம். இடது இறக்கை ஒருமுறை தாழ்ந்தது. நிமிர்ந்தது. டயர் தரையைத் தொட்டது. அந்த நாள் மட்டும் சத்தம் கேட்டது.

ஷெட் வாசலில் பிள்ளைகள் தண்ணீர் வாளியோடு தயாராக நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

செங்கோடன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, இறக்கையைப் பார்த்தார். முன் விளிம்பில் ஒரு பள்ளம். ஓரத்தில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் ஓடுதளத்தின் ஓரமாகத் திரும்பி நடந்தார். வேலிப்பக்கம், புல்லில், பருந்து கிடந்தது. குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மேடமும் நானும் போய்ச் சேர்ந்தபோது அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நேரா வந்தேன் டீச்சர்.”

“பாத்தேன்.”

“என் வண்டியில அடிபட்ட மொத உசுரு இது.”

அழுதார். பெரிய மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மேடம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எழுந்தார். முதல்நாள் அறையில் நின்றதுபோலவே நின்றார்.

“இப்ப கேக்கலாங்களா?”

“கேளுங்க.”

“அவனும் இதத்தான் செஞ்சிருக்கோணுமா?”

“ஆமா.”

“நான் அவனுக்கு ஒதுங்கக் கத்துக் குடுத்தேனுங்க. பதினாலு வயசுல. அதுதான் அன்னைக்கு அவன் கையில வந்துச்சு. சரிதானுங்களா?”

“சரிதான்.”

“அப்ப நான் கத்துக் குடுத்தது தப்பு.”

மேடம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். என் ஜீப் சாவியைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாங்கிச் செங்கோடனிடம் கொடுத்தார்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க அய்யா. நானும் வர்றேன்.”

எனக்குக் கோபம்தான். மனுஷர் கேட்ட கேள்வி அந்தரத்தில் நிற்கிறது, இவர் பஸ் ஸ்டாப்புக்கு வழியனுப்புகிறார். பின்சீட்டில் வெடிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

வேலியை ஒட்டி ஒரு சரளைப் பாதை நெடுஞ்சாலைக்குப் போகிறது. செங்கோடன் கியர் போட்டார். பதினாறு வருஷமாக என் கையில் முனகிக்கொண்டே ஓடிய ஜீப் அவர் கையில் வாயைத் திறக்கவில்லை. பாதி தூரம் போயிருப்போம், வலதுபுறம் சரளைக் கற்களுக்கு நடுவிலிருந்து ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு கிளம்பியது. அது தரையில்தான் முட்டையிடும். சித்திரையில் குஞ்சு பொரிக்கும். கல் நிறத்திலேயே இருப்பதால் குஞ்சு ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஓடியது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று.

ஜீப் இடதுபக்கம் ஒடிந்து வரப்பில் ஏறி, சாய்ந்து, நின்றது. என் தலை கம்பியில் மோதியது. வெடிப்பெட்டி கவிழ்ந்து உள்ளே இருந்ததெல்லாம் காலடியில் கொட்டியது.

எஞ்சின் அணைந்துவிட்டது. ஆள்காட்டி எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“ஏன் ஒடிச்சீங்க?” என்று கேட்டார் மேடம்.

“குஞ்சு வந்துச்சுங்க.”

“காலையில பருந்து வந்துச்சு. அப்ப ஒடிக்கலையே.”

“அது மேலங்க டீச்சர். இது ரோடு.” அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “அங்க ஒடிச்சா நான் போயிருவேன். இங்க ஒடிச்சா அது பொழச்சுக்கும். ரெண்டும் ஒண்ணுங்களா?”

“இதெல்லாம் யோசிச்சுட்டா ஒடிச்சீங்க?”

“இல்லீங்க. கை தானாப் போயிருச்சு.”

“காலையில?”

செங்கோடன் ஸ்டீயரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

“அப்பவும் யோசிக்கலீங்க. கை தானா நின்னுருச்சு.”

“ரோட்டுல ஒதுங்கவும் தெரியுது, மேல நேரா நிக்கவும் தெரியுது. ரெண்டும் ஒரே கை. இது இந்தக் கைக்கு வர எத்தன நாளாச்சு அய்யா?”

“பதினோரு மாசங்க.”

மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. அவர் கண்ணை அப்படி நான் பார்த்ததேயில்லை.

“கிரிக்கு நான் மூணு மாசம்தான் குடுத்தேன்,” என்றார்.

மூன்றாவது குஞ்சு ஒன்று பாதையின் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது. அது அந்தப்பக்கம் போய்ச் சேரும்வரை செங்கோடன் வண்டியை எடுக்கவில்லை.